டீச்சரின் தனி வயலின்

வயலின் டீச்சர் ஒரு காலத்தில் டீச்சராக இருக்கவில்லை. நகர இசைக்குழுவின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் நின்று தனியாக வாசிப்பவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவர். என்றாவது ஒரு நாள் தானும் அங்கே நிற்க வேண்டும் என்று ஆசை. கல்யாணம், பிள்ளைகள், சாயங்கால ஒத்திகை என்று ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக எத்தனை நாள் ஓட்டுவது? குழுவை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் பாடம் சொல்ல ஆரம்பித்தார்.

அவர் சொல்லிக்கொடுக்கும் விதமே தனி. பிள்ளைகள் பிசகினால் திட்டமாட்டார், நிறுத்தவும் மாட்டார், கூடவே வாசிப்பார். பிள்ளை தடுமாறினால் இவரும் மெதுவாகப் போவார். ஓடினால் இவரும் ஓடுவார். கேட்கிறவர்களுக்குத் தப்பே தெரியாது. பெற்றவர்கள் வாசலில் நின்று பூரித்துப் போவார்கள். தலை நரைக்கும்வரை இதே பிழைப்பு.

நரைத்த பிறகுதான் வாய்ப்பு வந்தது. இசைக்குழுவின் அடுத்த நிகழ்ச்சியில் தனி வயலின் வாசிக்க இருந்தவர் கையை உடைத்துக்கொண்டார். குழுவின் தலைவர், டீச்சரைவிட இளையவர், வீடு தேடி வந்து கேட்டார். டீச்சர் யோசிப்பதுபோல் பாவனை செய்தார், அவ்வளவுதான்.

ஒத்திகையில் வந்தது வினை. குழு எங்கே இழுத்ததோ, அங்கே இவருடைய வில்லும் இழுத்தது.

"அக்கா, நீங்க எங்க பின்னாடி வராதீங்க. நாங்கதான் உங்க பின்னாடி வரணும்."

"தெரியுது தம்பி. கை கேக்க மாட்டேங்குது."

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்காகவும் நிற்காமல் வாசித்துப் பழகினார். சாப்பிடக் கூப்பிட்ட கணவருக்காகக்கூட நிற்கவில்லை. அந்த மனிதர் தானே போட்டுச் சாப்பிட்டார்.

நிகழ்ச்சியன்று முதல் பாதி பிரமாதம். டீச்சர் முன்னே போனார், குழு பின்னால் வந்தது. அந்தச் சில நிமிடங்கள் அவர் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்.

பிறகு கிளாரினெட்காரர் நுழைய வேண்டிய இடத்தில் நுழையாமல், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழித்தார். டீச்சர் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். பழக்கதோஷம் யாரை விட்டது? கையிலிருந்த சுரத்தையே நீட்டிப் பிடித்துக்கொண்டு, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தார். அதன்பின் கடைசிவரை யார் தடுமாறுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு, அவரவர் கூடவே போனார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. குழு இத்தனை ஒற்றுமையாக வாசித்துக் கேட்டதே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். தனி வயலினைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தலைவர் மேடைக்குப் பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க மானத்தக் காப்பாத்திட்டீங்க அக்கா."

டீச்சர் கையை விடுவித்துக்கொண்டார்.

"நான் காப்பாத்த வரல தம்பி. வாசிக்க வந்தேன்."