சாணிக்குப் போன வண்டி

எங்கள் ஊரில் முதன்முதலில் சாணி கேஸ் தொட்டி கட்டியவர் சின்னப்பராஜ். எண்பத்து நான்கில் அது. மானியம் போக மீதிச் செலவுக்காக நான்கு கறவை மாடுகளையும் விற்றார். மிஞ்சியவை வண்டி மாடுகள் இரண்டு. தொட்டியோ ஆறு மாட்டுச் சாணம் கேட்டது. இதைக்கூடவா ஒரு மனிதன் யோசிக்கமாட்டான்?

வண்டி பூட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டி வரை போய்ச் சாணம் வாங்கி வந்தார். நடக்கிற மாடுகளுக்குத் தீவனம் கூடுதலாக வேண்டியிருந்தது. அந்தக் காசுக்கு விறகே வாங்கியிருக்கலாம். அவை போட்ட சாணமும் ரோட்டில்தான் விழுந்தது. அதை வாரிக்கொள்ள மனைவி வேளாங்கண்ணி கூடையோடு பின்னால் நடந்தாள். எதிரே தெரிந்தவர்கள் வந்தால் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொள்வாள்.

மகளைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா ஆசையாகக் கேட்டார்.

"அந்த கேஸ் அடுப்பைக் கொஞ்சம் பத்த வெச்சுக் காட்டுங்க."

சின்னப்பராஜ் கேஸ் குழாயைத் திறந்து தீக்குச்சியை நீட்டினார். நீலமாக ஒரு சுடர் எழுந்து உடனே அணைந்தது. அடுத்த குச்சிக்கு அதுவும் இல்லை.

"பொண்ணு பாக்குற வேலையில ரெண்டு நாளா சாணிக்கு வண்டி போவலைங்க" என்றார்.

அதற்குள் வேளாங்கண்ணி கொல்லைப்புறத்திலிருந்து டீ கொண்டுவந்தாள். கண்கள் சிவந்திருந்தன. டீயில் விறகுப் புகை வாசனை.

வந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு, காலியாகக் கிடந்த கறவை மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார்.

"கறவை மாடுங்கள எங்கீங்க கட்டியிருக்கீங்க?"

சின்னப்பராஜ் தலை நிமிராமல் சிமெண்டுத் தொட்டியைக் கை காட்டினார்.