மச்சாள் கொண்டுவந்த நெபுலைசர்

மச்சாளை நினைத்தால், ஒரு வெள்ளைக் கருவியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த எழுத்துகளை யன்னல் வெளிச்சத்தில் வாசிக்கும் முகம்தான் முதலில் வருகிறது. அவர் என் கணவரின் தங்கை. கனடாவில் சில வருடங்கள் இருந்துவிட்டு, எண்பத்தாறில் மானிப்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் நான்கு வயது மகளுக்குத் தொய்வு, ஆஸ்துமா. மருந்தைப் பனிப்புகைபோல் ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் நெபுலைசர் ஒன்றை அவளுக்காகத் தன் சேலைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் காலையிலேயே பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. கருவியின் பிளக்கில் இரண்டு தட்டை முனைகள். எங்கள் சுவரிலோ மூன்று வட்டத் துளைகள். பிளக்கை வெட்டி, வயர்களை நேரே துளைகளுக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவதற்கு என் கணவர் கத்தியை எடுத்தார். ரேடியோவுக்கு அப்படித்தான் செய்திருந்தோம். மச்சாள் கருவியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“வெட்டாதேங்கோ அண்ணை. உது நூற்றிருபது வோல்ட்டுக்குச் செய்தது. இஞ்சை இருநூற்று முப்பது. குடுத்த உடனை எரிஞ்சுபோம்.”

“பிள்ளை இழுக்குது, நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?”

“இப்ப ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவம். உதை எரிச்சுப்போட்டு நாளைக்கு என்ன செய்யிறது?”

குரலை உயர்த்தாமல் சொன்னார். எனக்கும் அவர்மேல் கோபம்தான். ஆனாலும் பக்கத்து வீட்டுக் காரில் பிள்ளையைக் கொண்டுபோனோம். ஊசி போட்டபின் மத்தியானத்துக்குள் தணிந்தது. திரும்பி வரும்போதுதான் மச்சாள் தன் கதையைச் சொன்னார். இங்கிருந்து கொண்டுபோன இஸ்திரிப்பெட்டியைக் கனடாவில் வேறு முனை மாட்டிச் செருகினாராம். அது இளஞ்சூட்டுக்குமேல் ஏறவேயில்லை. முதல் வேலைக்குக் கசங்கிய சட்டையோடு போனாராம். முனை மாற்றினால் சுவருக்குள் போகும், கரண்ட் மாறாது என்று அன்று தெரிந்துகொண்டாராம். இன்று பயணம் போகிறவர்களின் சின்னச் சார்ஜர்கள் எந்த நாட்டுக் கரண்டையும் தாங்குகின்றன. அன்று எங்களிடம் அப்படி எதுவும் இல்லை.

அடுத்த நாள் நானும் மச்சாளும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனோம். ரேடியோ திருத்தும் கடையொன்றில் மின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் கிடைத்தது. மச்சாள் முதலில் காட்டியதை வேண்டாமென்றார். கருவி இழுக்கும் வாட்ஸைவிடக் கூடுதலாகத் தாங்குவதுதான் வேண்டும் என்றார். கடைக்காரர் மீற்றரை வைத்து, முள் நூற்றுப் பத்துக்குச் சற்று மேலே நிற்பதைக் காட்டிய பிறகே மச்சாள் வாங்கினார். செங்கல்போலக் கனத்த அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அந்த வாரத்திலேயே மறுபடியும் இழுப்பு வந்தது. மச்சாள் கருவியை ட்ரான்ஸ்போமரில் மாட்டி, ஆசுபத்திரியில் தந்த மருந்தை விட்டு, ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். கருவி உறுமியது. கனடாவில் வாங்கும்போது கேட்டதைவிடச் சத்தம் கொஞ்சம் தணிவு, இங்கத்தைக் கரண்ட் செக்கனுக்கு ஐம்பது தரம்தான் அலையும், அங்கே அறுபது, அதனால் மெதுவாகத்தான் ஓடும், பயமில்லை என்றார். முகமூடிக்குள் வெள்ளைப் புகை சுழன்றது. மூவரும் பிள்ளையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்த தொண்டைக்குழி மெல்ல மெல்லக் குழிவதை நிறுத்தியது.

மருந்து முடிந்ததும் மகள் முகமூடியைத் தானே கழற்றினாள்.

“மாமி, எனக்குப் பசிக்குது.”

மச்சாள் கரண்டை நிற்பாட்டிப் பிளக்கைக் கழற்றினார். அன்று குரலைக்கூட உயர்த்தாதவர், பிறகு நிலத்தில் குந்தியிருந்து, அண்ணனுக்கு முன்னாலேயே, விம்மி விம்மி அழுதார்.