முத்தல் காய் வாங்கியவள்

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் செல்போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். பி.காம். படிக்கிற பெண். யாராவது தனியாகச் சிரித்தால் என்னைப் பற்றித்தான் இருக்குமோ என்று எனக்கு உடனே கவலை வந்துவிடும். அன்றைக்கு என்னைப் பற்றித்தான் இருந்தது.

"அத்தே, இத கேளேன். மூள ஜாஸ்தி இருக்கறவங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் கம்மியாம். தேவையும் படாதாம். க்ரூப்புல வந்துகீது."

"அதுக்கு இன்னா இப்போ?"

"ஒண்ணுல்ல. ஆண்டர்சன்பேட்டைல கறி வாங்கப் போனா உன்ன எத்தினி பேரு நிறுத்திப் பேசறாங்கன்னு நெனச்சேன். சிரிப்பு வந்துச்சு."

நான் எட்டாவதோடு நின்றவள். கோபம் வரவில்லை. சொன்னது ஒருவேளை நிஜமாக இருக்குமோ என்ற கவலைதான் வந்தது. அதை மறைக்க அவள் கடையிலிருந்து வாங்கி வந்த பையைக் கிண்டினேன். உள்ளே ஒரு பாக்கெட்டில் அவரைப் பருப்பு. உரித்து, பிதுக்கி, கழுவி, வெள்ளை வெளேரென்று. பிரித்து மோந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாசனை.

நீங்கள் மார்கழி மாதத்து அவரைக்காய் உரித்திருக்கிறீர்களா? எங்கள் பக்கம் அதற்கென்று ஒரு வாசனை உண்டு. கன்னடத்தில் சொகடு என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்வோம். எண்ணெய்ப் பசையோடு விரல் இடுக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சோப்புப் போட்டாலும் போகாது. மறுநாள் நான் வேலை பார்த்த கார்மென்ட்ஸில் சட்டைக்கு நூல் வெட்டும்போது அந்த வாசனை துணியில் ஒட்டி, அது கப்பல் ஏறி, சட்டை போடுகிற வெளிநாட்டுக்காரன் மோந்து பார்த்து, என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்றுகூட நான் பயந்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் கவலை பரம்பரைச் சொத்து. அப்பா கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறித் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினால், ஷிப்ட் முடிந்து வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அம்மா அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். சுரங்கம் மூடியபிறகாவது நிம்மதியாக இருந்திருக்கலாம். மனுஷன் வீட்டிலேயே இருக்கிறாரே என்று கவலைப்பட்டாள். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோதே என் படிப்பு நின்றது. சில வருஷத்தில் மற்றவர்களைப் போல நானும் மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறினேன்.

இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிற பிழைப்பு. ஆனால் சாயங்கால ரயிலின் லேடீஸ் பெட்டி எங்கள் ராஜ்யம். நாலைந்து பேர் கதவோரம் தரையில் உரச்சாக்கை விரித்து உட்காருவோம். அவரை காலத்தில் எல்லோரும் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வாசலில் காய் வாங்கி வருவோம். அதில் ஒரு முறை உண்டு. அவரவர் காயை அவரவர் உரிப்பது கிடையாது. ஒவ்வொரு பையாக நடுவில் கொட்டி, எல்லோரும் சேர்ந்து உரித்து, பங்காருப்பேட்டை வருவதற்குள் பருப்பை அவரவர் டிபன் டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். உரிக்கிறவளுக்குக் கூலி ஒன்றும் இல்லை. ஆனால் காயில் பழுது இருந்தால், வாங்கி வந்தவளைப் பற்றி, அவள் புருஷனைப் பற்றி, மாமியாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

அந்த உரிமையை முழுசாகப் பயன்படுத்தியவள் ராஜம்மா அக்கா. ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். எனக்குச் சிநேகிதிகள் கிடைத்ததற்கு என் கவலைதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ரயில் நின்றால் தண்டவாளம் உடைந்துவிட்டதோ என்பேன். ஒருத்தி தண்ணீர் கொடுப்பாள், ஒருத்தி திட்டுவாள், ராஜம்மா அக்கா, "இவ ஒருத்தி போதும், ரயிலு தானா கவுந்துரும்" என்பாள். எல்லோருக்கும் என்னால் ஒரு வேலை இருந்தது.

எங்களுக்கு நாலடி தள்ளி, ஜன்னல் ஓரத்தில் கலாவதி உட்காருவாள். டிகிரி படித்தவள், ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. பேப்பரில் வருகிற கட்டத்து எண் புதிரைப் பேனா இல்லாமல் மனசுக்குள்ளேயே போட்டு முடித்துவிடுவாள். எங்களைவிடச் சின்னவள், ஏறும்போது சிரிப்பாள், மரியாதையாகத்தான் பேசுவாள். சங்கடம் என்னவென்றால், அவள் ஒரு பதில் சொன்னால் அதற்குமேல் பேச எதுவும் மிஞ்சாது. ஒருநாள் ராஜம்மா அக்கா கண்ணை உருட்டி, எங்கள் ஊர் சாம்பியன் பகுதியில் கைவிட்ட சுரங்கக் குழி ஒன்றில், அந்தப் பழைய ஷாஃப்டில், ராத்திரியானால் பொம்பளை அழுகிற சத்தம் கேட்கிறது என்று ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கலாவதி ஜன்னலிலிருந்து திரும்பி, "அது காத்துக்கா. ஷாஃப்டு வாய் குறுகலா இருந்தா அப்டித்தான் சத்தம் வரும்" என்றாள். உண்மைதான். பேயும் போச்சு, கதையும் போச்சு.

"அவளுக்கு இன்னா, படிச்சவ. அவளுக்கு அவளே போதும்" என்று ராஜம்மா அக்கா தீர்ப்புச் சொன்னாள். தம்பி மகளின் செல்போன் சொன்னதும் அதைத்தானே! ஆனால் உரிகத்தில், சுரங்கக்காரர்களின் லைன் வீடுகளில், எங்கள் லைனுக்குப் பின் லைனில்தான் கலாவதி வீடு. அம்மா இல்லை. அப்பா சுரங்கத்தில் பாறை குடைகிற மெஷின் போட்டுப் போட்டு இரண்டு காதும் போனவர். அந்த வீட்டிலிருந்து டிவி சத்தம்கூட வராது. இவளுக்குத் தெரிந்ததையெல்லாம் இவள் யாரிடம் பேசுவாள் என்று நான் பாட்டுக்குக் கவலைப்பட்டேன். கவலைப்பட்டேனே தவிர, கூப்பிடவில்லை. கூப்பிட்டு, வந்து, இன்னொரு பேயையும் கொன்றுவிட்டால்?

அடுத்த அவரை காலத்தில் ஒருநாள் அவளாகவே பையோடு வந்து சாக்கின் ஓரத்தில் நின்றாள்.

"அக்கா, நானும் காய் வாங்கினேன்."

ராஜம்மா அக்கா பையைக் கவிழ்த்தாள். பாதி முத்தல், மீதி புழு விழுந்த சொத்தை. வெடித்தாள் பாருங்கள்.

"அடிப் பாவி! இத மாடு திங்குமாடி? இன்னாத்தப் படிச்ச நீ? உக்காரு இங்க. தோல் காஞ்சிகீது பாரு, இப்டி இருந்தா தொடாத. மோந்து பாரு, வாசன வருதா? வராது. சவம் மாதிரி கீது."

கலாவதி உட்கார்ந்தாள். மோந்து பார்த்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாளும் வாங்கி வந்தாள். மறுநாளும் முத்தல். "பி.ஏ. படிச்ச மண்டைல அவரக்கா ஏறல" என்று பெட்டி முழுக்கக் கொண்டாட்டம். வாரக்கடைசிக்குள் அவளுக்குச் சாக்கில் இடம் நிச்சயமாகிவிட்டது. அவள் வராத நாளில், "எங்க நம்ப முத்தலு?" என்று தேடினார்கள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாவம், கடைக்காரன் ஏமாற்றுகிறான், நாம் கூடப் போகலாம் என்று ஒருநாள் சீக்கிரமாகவே கண்டோன்மென்ட் வாசலுக்குப் போனேன். கலாவதி குவியல் முன்னால் குனிந்திருந்தாள். கடைக்காரன், "பேடம்மா, அது வேணாம், முத்தினது. இதுல எடு" என்று நல்ல காயை அள்ளி நீட்டுகிறான். இவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஒவ்வொன்றாக மோந்து, வாசனை வருவதை ஒதுக்கி, வராததைப் பையில் போடுகிறாள். என்ன கைநேர்த்தி! ஒரு நல்ல காய் தவறிக்கூட உள்ளே போகவில்லை.

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். பையைச் சட்டென்று பின்னால் மறைத்தாள்.

"நல்ல காயா கொணாந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்கக்கா. உரிச்சுக் குடுத்துட்டு முடிச்சிருவீங்க" என்றாள். பிறகு மெதுவாக, "சொல்லிடாதீங்க. ஏமாத்திட்டேன்னு நெனப்பாங்க. மறுபடி அந்த ஜன்னலுக்குப் போவ என்னால முடியாது."

ஊரில் எத்தனையோ பேர் இருக்க, ரகசியத்தை என்னிடம் கொடுத்தாள் பாருங்கள்! அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பை கவிழும்போதெல்லாம் எனக்கு வியர்க்கும். கலாவதி சாதாரணமாக உட்கார்ந்திருப்பாள், நான்தான் திருடி மாதிரி முழிப்பேன்.

கடைசியில் விஷயத்தை உடைத்தது நானில்லை. விமலா என்று ஒருத்தி, புதிதாக எங்களோடு சேர்ந்தவள், ஒருநாள் காயை உருட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்டிக்கா? கண்ண மூடிகினு அள்ளினாக்கூட பாதி நல்லதா வருமே. இவ வேணும்னே பொறுக்கறா. நம்பள முட்டாளாக்கறா" என்றாள்.

கைகள் நின்றன. கலாவதி தலையைக் குனிந்துகொண்டாள். என்னையும் மீறி, "ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று வாயை விட்டேன். அதைவிடத் தெளிவாக யாராலும் காட்டிக்கொடுக்க முடியாது. கலாவதி எழுந்துகொள்ளப் போனாள்.

ராஜம்மா அக்கா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"வேணும்னேதான் பொறுக்கறா. எனுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சு? நம்ப பக்கத்துல வந்து குந்தறதுக்கு ஒருத்தி இத்தினி மூளைய செலவு பண்ணிகீறா. என்னக் கட்டிகினவன்கூட எனுக்காக அவ்ளோ யோசன பண்ணதில்ல." ஒரு சொத்தையை எடுத்து விமலா மேல் வீசினாள். "உரிடி. ஒயிட்ஃபீல்டு தாண்டிருச்சு."

சிரிப்பில் பெட்டி குலுங்கியது. கலாவதி சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். சொகடு ஏறிய விரலால் கண்ணைத் துடைத்தாள், அது எரிந்திருக்கும்.

மறுநாள் அவள் நல்ல காய் வாங்கி வந்தாள். பச்சைப் பசேலென்று, வாசனை தூக்கியடிக்க. ராஜம்மா அக்கா ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டு, "தூ, ரொம்ப எளசு" என்று ஆரம்பித்தாள்.

ராஜம்மா அக்கா இப்போது இல்லை. விமலா ஓசூர் பக்கம் போய்விட்டாள். கலாவதி தன் அப்பா போனபிறகு பெங்களூரிலேயே வீடு பார்த்துக்கொண்டாள். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, பேச்சு நின்றுபோயிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பருப்புப் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு போன் போட்டேன்.

"கலா, அவரைய பிதுக்கறதுக்கு எவ்ளோ நேரம்மா ஊறப் போடணும்?"

விடை எனக்கே தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிதானமாகச் சொன்னாள். ராத்திரி போட்டுக் காலையில் பிதுக்க வேண்டும், முத்தலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் விடவேண்டும், வெந்நீர் கூடாது. இத்தனை வருஷத்தில் தெரியாதா என்று கேட்கவேயில்லை. எல்லாம் சொல்லி முடித்து, "வேற எதுனா டவுட்டு கீதாக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். வெகுநேரம் பேசினோம்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு வேலையாகப் பெங்களூர் போய் அதே சாயங்கால ரயிலில் திரும்பினேன். லேடீஸ் பெட்டியில் எல்லோர் காதிலும் ஒயர். மாரிக்குப்பத்தில் ரயிலைப் பெருக்குகிற அம்மாள் அந்தக் காலத்தில் எங்களைத் திட்டாத நாளில்லை. அவரைத் தோலை வாரி வாரி அவள் இடுப்பு போச்சு என்பாள். இறங்கும்போது பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் தரை சுத்தமாக இருந்தது.