மிஷின் நிற்கும் இடம்

தொழிலாளர் நலத்துறை அமைச்சரின் கணவர் ஒரு தையல்காரர். மனைவி பதவியேற்ற மறுநாளும் எட்டு மணிக்குக் கடையைத் திறந்து, பள்ளிச் சீருடைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"மந்திரி புருஷன் பட்டன் தைக்கிறானாம். ஊரே சிரிக்குதுடா."

"சிரிக்கட்டும்க்கா. வயிறு குலுங்கச் சிரிச்சா பட்டன் தெறிக்கும். அப்புறம் நம்மகிட்டதானே வரணும்."

அவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை, மேடை ஏறியதும் இல்லை. ஆனால் மனைவியின் ஒவ்வொரு பேச்சும் முதலில் அவர் கடையில்தான் அரங்கேறியது. காலையில் துணி வெட்டும் மேஜையோரம் நின்று அவள் பேசுவாள். அவர் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார். எந்த வரியில் அவர் கால் தானாக நிற்கிறதோ, அந்த வரி தேறியது. நிற்காமல் ஓடினால் அதற்குக் கத்தரிக்கோல்.

முப்பது வருஷத்துக்கு முன் எதிரே இருந்த பெரிய துணிக்கடையில் அவள் விற்பனைப் பெண். காலையிலிருந்து கடை அடைக்கும்வரை உட்காரக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. ஒருநாள் துணிக்கு ஓரம் அடிக்க வந்தவளுக்கு, கடையிலிருந்த ஒரே முக்காலியிலிருந்து எழுந்து இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்து முதலாளியை வாங்கு வாங்கென்று வாங்கினாள். இவர் வேலையை மறந்து நின்று கேட்டார்.

"இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

போய்ச் சொன்னாள். வேலை போயிற்று. அதன் பிறகு சங்கம் வந்தது, நகர்மன்றம் வந்தது, நடுவில் எங்கோ கல்யாணமும் வந்தது.

அவர் அவளிடம் ஒரே ஒருமுறை பொய் சொன்னார், அதுவும் காலால். அவள் நின்ற முதல் சட்டமன்றத் தேர்தலின் கடைசிக் கூட்டத்துக்கு முன், காய்ச்சலோடு பேசிப் பார்த்தவளைக் கண்டு மனசு கேட்கவில்லை. வேண்டுமென்றே மூன்று இடத்தில் மிஷினை நிறுத்தினார். அந்த மூன்று இடத்தில்தான் கூட்டம் எழுந்து பஸ் பிடிக்கப் போனது. அவள் தோற்றாள். தாங்க முடியாமல் அவரே உண்மையைச் சொன்னார்.

"எதிர்க்கட்சிக்காரன்கூட எனக்கு இப்படிக் குழி பறிக்கலை" என்றாள். ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து அந்தக் கால் பொய் சொன்னதில்லை.

இப்போது அவள் கொண்டுவந்திருந்தது, கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்னும் மசோதா. அவளுடைய அத்தனை வருஷ அரசியலும் அந்த ஒன்றுக்காகத்தான். ஆனால் அவள் கட்சி உறுப்பினர்களிலேயே பாதிப் பேர் கடை முதலாளிகள். பேச்சால் ஏழெட்டுப் பேர் மனம் மாறினால்தான் அது நிறைவேறும்.

வாக்கெடுப்பு நாள் காலை, அதிகாரிகள் எழுதிக் கொடுத்த முப்பது பக்கத்தை வாசித்தாள். மிஷின் கடகடவென்று ஓடியது. இரண்டு கால்சட்டை முடிந்தது.

"எங்கயாவது நில்லுங்களேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் கால் தயங்கியது. அந்த பஸ் ஞாபகம் வந்தது. தொடர்ந்து மிதித்தார்.

"இருபது பேர் ராப்பகலா உட்கார்ந்து எழுதினதுங்க."

"அதான் தெரியுதே. நின்னுக்கிட்டு எழுதியிருந்தா அரைப் பக்கத்துல முடிஞ்சிருக்கும்."

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். காகிதக் கட்டைத் துண்டுத்துணிக் குவியலில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்:

"சாயங்காலமானா கால் வீங்கிடும். செருப்பு ஏறாது. கையில எடுத்துக்கிட்டு வெறுங்காலோட வீட்டுக்கு நடப்பேன். பார்க்கிறவங்க, செருப்பு தேஞ்சிடும்னு கையில வச்சிருக்கா, சரியான கஞ்சம்னு சிரிப்பாங்க."

மிஷின் நின்றது. ஊசி துணிக்குள்ளேயே இருந்தது.

"இதை ஏன் என்கிட்ட சொன்னதே இல்ல?"

"நீங்கதான் முக்காலி குடுத்துட்டீங்களே. அப்புறம் எதுக்குச் சொல்றது?"

அன்று பகல், கடையின் சின்ன டிவியில் அவரும் அக்காவும் அவளைப் பார்த்தார்கள். கையில் ஒரு காகிதம் இல்லை. செருப்புக்கு வந்தபோது சபையில் பேச்சுக் குரல் அடங்கியது. ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. அக்கா தெருவில் இறங்கி, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தினாள்.

"டிவியில பேசினாளே, யாருன்னு நினைச்சீங்க? இதோ, பட்டன் தைக்கிறானே என் தம்பி, இவன் பொண்டாட்டி."

மாலையில் அவள் அரசு காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள்.

"என் சட்டப்படி இந்தக் கடையில இன்னொரு முக்காலி போடணும்."

"வேலை பார்க்கிறது நான் ஒருத்தன்தானே, அமைச்சரே?"

"அப்ப முப்பது வருஷமா இந்த மேஜைகிட்ட நின்னு கத்திக்கிட்டிருக்கேனே, அது எந்தக் கணக்கு?"

அவர் எழுந்து தன் முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்து, யார் யார் கை தூக்கினார்கள், யார் தூக்குவதுபோல் போய்க் காதைச் சொறிந்தார்கள் என்று ஆரம்பித்தாள். அவர் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் கொடுக்க வேண்டிய சீருடைகளில் அதன் பிறகு ஒன்றுகூட முடியவில்லை.