பாட வராத மாட்டுக்காரன்

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். நான் போடியில் சரித்திர வாத்தியார். இங்கிலாந்தைப் பழைய காலத்தில் ஆண்ட ஆங்கிலோ-சாக்சன் ராஜாக்களைப் பிள்ளைகள் வரிசை பிசகாமல் ஒப்பிப்பார்கள், நான் தலையாட்டுவேன். அந்த ராஜாக்களில் ஒருவரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்ததில்லை. வந்தவன் ஒரு மாட்டுக்காரன்.

எனக்குக் கல்யாணமான புதிது. என் மனைவிக்குப் பாட வராது. விசேஷ வீடுகளில் பெண்கள் ஒவ்வொருவராகப் பாட, தன் முறை நெருங்கும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பின்னால் சிரிப்புக் கேட்கும்.

பாடத்துக்காக ஒருநாள் படித்தபோது இவளைப் போலவே ஒருவன் அகப்பட்டான். ஆயிரம் வருஷத்துக்கும் முந்தி, இங்கிலாந்தில் ஒரு மடத்து மாடுகளை மேய்த்தவன். விருந்தில் ஆளுக்கொரு பாட்டாகப் பாடக் கைமாறும் யாழ் தன்னிடம் வருவதற்குள் தொழுவத்துக்கு ஓடிவிடுவான். பிறகு கனவில் யாரோ வந்து பாடச் சொல்ல, விடிந்ததும் கவியாகிவிட்டானாம். மடத்தின் தலைவியான துறவி அம்மாள் அவனை அழைத்து மடத்தில் சேர்த்துக்கொண்டாள்.

மனைவியிடம் சொன்னேன். "தொழுவத்துக்கா ஓடுனான்?" என்று மட்டும் கேட்டாள்.

தை மாதம் ராசிங்காபுரத்தில் அவள் தங்கைக்குக் கல்யாணம். உள்ளே நலங்கு; நான் வெளியே பந்தலில். இவளைப் பாடச் சொல்லிப் பெண்கள் மறித்துக்கொண்டது ஜன்னல் வழியே கேட்டது.

"பாட்டு வராது. வேணும்னா ஒரு கதை சொல்றேன்" என்றாள்.

மாட்டுக்காரன் கதையைத் தொடங்கினாள். மாப்பிள்ளையின் அத்தை இடைமறித்தார். "ஏத்தா, வெள்ளக்காரன் மாடு மேச்சானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கண்ட வெள்ளைக்காரர்கள், குரங்கணிப் பாதையில் குதிரையேறி மலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள்தான்.

"மேச்சான் அத்தே. சாணியும் அள்ளுனான்."

இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் என் மனதில் சரித்திரத்து ஆள் ஒருவனும் சாணி அள்ளியதில்லை.

அவள் கதையில் கனவு வரவில்லை. மடத்து அம்மாளே தொழுவத்துக்கு வந்து, "பாடாட்டி என்னப்பா, வந்து எல்லாரோடயும் உக்காந்து சாப்புடு" என்று கூட்டிப்போனாள். அத்தோடு கதையை முடித்துவிட்டாள். பிறகு அந்த அத்தை, "நீ இங்கிட்டு வந்து பொண்ணு பக்கத்துல உக்காரு" என்றார். வேறொருத்தி பாடத் தொடங்கினாள்.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன், "கனவை ஏன் விட்டுட்ட?"

"கனவு வந்தவனுக்குச் சரி. வராதவுக எங்க போவாக?"

மறுவருஷம் வகுப்பில் அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நின்று, அவள் சொன்ன விதத்தையும் சொன்னேன். பரீட்சைக்கு வருமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வராது என்றேன்.