எலுமிச்சைத் தோட்டத்துச் செம்பு

"மோதிரத்தக் கழட்டும்" என்றார் எஸ்லின்.

மண் எடுக்க உதவும் இசக்கிப்பாண்டி கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். செப்புக் காப்பும் போயிற்று. "இடுப்புல வெள்ளிக் கொடி கெடக்கு மேடம். அதையுமா?"

"மண்ண இடுப்பாலயா அள்ளப் போறீரு?"

கூட வந்த கூலியாட்கள் சிரித்தார்கள். எஸ்லின் சிரிக்கவில்லை. வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் இந்தச் சோதனை உண்டு. ஒரு மோதிரம் உரசினால் போதும், நிலத்தில் இல்லாத தங்கம் ஆய்வகத்தில் முளைத்துவிடும் என்பார். அவருடைய காதிலும் கழுத்திலும் எதுவும் கிடையாது. பார்க்கிறவர்கள் அதைக் கிறிஸ்தவ சபைக் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

எஸ்லினுக்கு ஐம்பது நெருங்குகிறது. பிறந்தது சங்கரன்கோவில். சுரங்கங்களுக்கு இடம் தேடும் ஒரு நிறுவனத்தில் புவிவேதியியலாளர். பாறையில் செம்பின் பச்சைக் கறை தெரிந்தால் ஆடு மேய்க்கிறவரே கண்டுபிடித்துவிடுவார். மேலே ஓர் அடையாளமும் இல்லாமல் ஆழத்தில் ஒளிந்து கிடக்கும் தாதுவைத்தான் எஸ்லின் தேட வேண்டும். அதற்கு அவர் நம்புவது கரையானை. ஈரம் தேடிக் கீழே போகிற கரையான், அங்குள்ள மண்ணைக் கொண்டுவந்து புற்று கட்டும். கீழே செம்பு இருந்தால் புற்றிலும் அதன் சுவடு இருக்கும். புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, நீரில் கரைத்துக் குடிக்கிற ஊரில், அதைப் பையில் அள்ளி எண் போட ஆள் சேர்ப்பது லேசல்ல. மஞ்சள் துணி சுற்றிய புற்றின் பக்கம் இசக்கிப்பாண்டி போகவே மாட்டான். "பாலும் மஞ்சளும் ஊத்துன மண்ணு எனக்கும் ஆவாது, நடவும்" என்று எஸ்லினும் தாண்டிப் போய்விடுவார்.

இருபத்துநான்கு ஆண்டுகளில் நான்கு மாநிலங்களின் மண்ணைச் சோதித்திருக்கிறார். எழுதிக் கொடுத்த அறிக்கைகள் அத்தனையும் 'இல்லை' என்றே முடிந்தன. அதில் அவருக்கு வெட்கமில்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்கிறவர்களைக் கண்டால்தான் அவருக்கு உடம்பு எரியும்.

சென்ற தை மாதம் ஆய்வகத்திலிருந்து வந்த வரைபடத்தில், வாசுதேவநல்லூர் சாலையோரம் ஓரிடம் சிவப்பாக இருந்தது. இருபது புற்றுகளில் வழக்கத்தைவிட ஆறு மடங்கு செம்பு. அந்த மண்ணை எடுத்த அன்று எஸ்லின் காய்ச்சலில் கிடந்தார். ஆனாலும் வரைபடத்தில் கையெழுத்திட்டார். ஒரே வாரத்தில் நிறுவனம் அங்கே நான்கு மூலைகளிலும் சிமெண்ட் வைத்து எல்லை குறிக்கும் முளைக்கற்கள் நட்டது. துளையிடும் வண்டி வைகாசியில் வருவதாக ஏற்பாடு.

சித்திரையில்தான் எஸ்லின் நேரில் போனார். மருதப்பனின் எலுமிச்சைத் தோட்டம் அது. வாசலில் நூறு கன்றுகள் பையோடு வாடிக் கிடந்தன.

"ஏன் நடல, அண்ணாச்சி?"

"நீங்க தோண்டப் போற நெலத்துல நான் எதுக்கு நட?" என்றார் மருதப்பன். "டீக்கடையில என்னப் பாத்து 'செம்பு மொதலாளி வாராரு'ங்கான். ஒரு வாளித் தண்ணி ஊத்தக்கூட மனசு வரல."

எஸ்லின் ஒரு இலையைத் திருப்பினார். நீலம் பாரித்த பொடி விரலில் ஒட்டியது.

"இது என்னது?"

"சொறி நோய்க்கு அடிக்குததுதான். மயில்துத்தமும் சுண்ணாம்பும். எங்க அப்பா காலத்துலருந்து வருசத்துக்கு மூணு தடவ."

மயில்துத்தம் செம்பின் உப்பு. ஆழத்திலிருந்து கரையான் எதையும் கொண்டுவரவில்லை. இலையில் அடித்ததை மழை கழுவி, மரத்தடிப் புற்றில் சேர்த்திருக்கிறது.

அன்று மண் எடுத்த இசக்கிப்பாண்டியின் பக்கம் எஸ்லின் திரும்பினார். "தோட்டம்னு ஏன் வே எழுதல? கண்ணு எங்க இருந்துச்சு?"

"எழுதுனேனே மேடம்."

ஜீப்பிலிருந்து குறிப்புக் கோப்பை எடுத்து வந்து நீட்டினான். புற்றுக்கு ஒன்றாக இருந்த இருபது தாளிலும் கோணல் எழுத்தில் 'எலுமிச்சைத் தோட்டம்'. ஒவ்வொன்றின் அடியிலும் எஸ்லினின் கையெழுத்து. அவர் ஒன்றைக்கூட வாசித்திருக்கவில்லை. கோபம் வெளியே போக வழியில்லாமல் அவர் முகத்திலேயே நின்றது.

அங்கிருந்தே மேலாளர் பாண்டியராஜனைப் போனில் அழைத்தார். விஷயத்தைக் கேட்டு அவர் பதறவில்லை.

"ஒரு துளை போட்டுத்தான் பாத்துருவோமே மேடம். மேல சொல்லியாச்சு."

"நீங்க மேல சொல்லிட்டியன்னு கீழ செம்பு வந்துருமா?"

"நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன். வாசிக்காம போட்டேன். என் தப்புதான். இப்பவே எழுதி அனுப்புதேன்."

"இருபத்துநாலு வருசத்துல உங்களுக்குக் கெடச்சது இது ஒண்ணுதான், மேடம். யோசிச்சுக்கிடுங்க."

எஸ்லின் போனைத் துண்டித்தார். மரத்தடியில் நின்றபடியே, அந்த வரைபடம் பிழையானது, பிழை என்னுடையது, துளையிட இங்கே எந்த முகாந்திரமும் இல்லை என்று தட்டச்சு செய்து, மேலாளருக்கும் அவருக்கு மேலிருந்த எல்லாருக்கும் அனுப்பினார். பிறகு மருதப்பனிடம், "அண்ணாச்சி, வண்டி வராது. நீங்க கன்னுகள நடலாம்" என்றார்.

மருதப்பன் அசையவில்லை. "தையில 'இருக்கு'ன்னிய. இப்ப 'இல்ல'ங்கிய. ஆடியில என்ன சொல்லுவியளோ? போன்ல தட்டிட்டா ஆச்சா? அந்தக் கல்லு நிக்குத வரைக்கும் ஊருல ஒருத்தனும் நம்ப மாட்டான். நான் நம்ப மாட்டேன்."

"புடுங்கிப் போட வேண்டியதுதான?" என்றான் இசக்கிப்பாண்டி.

"நான் புடுங்குனா போலீசு வரும். நட்டவுக புடுங்கட்டும்."

எஸ்லின் கோப்பை இசக்கிப்பாண்டி கையில் திணித்துவிட்டு, அருகிலிருந்த மூலைக்கு நடந்தார். சேலையை முழங்காலுக்கு ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டார். இரண்டு கைகளாலும் கல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. இசக்கிப்பாண்டி ஓடிப்போய் ஒரு கடப்பாரை கொண்டுவந்தான்.

"தள்ளிக்கிடுங்க மேடம், நான் பேத்து எடுக்கேன்."

அவன் கையைத் தட்டிவிட்டு, சிமெண்டைச் சுற்றியிருந்த மண்ணை விரல்களால் பறிக்கத் தொடங்கினார். மண் இறுகிக் கிடந்தது. ஒரு நகம் ஒடிந்தது. கையை மாற்றிக்கொண்டு தோண்டினார்.