சாமிப்பெட்டிக்குள் ஹும்மல்

ஹவுஸ்வார்ட் வேலைக்குக் கையெழுத்து வைத்தபோது படி கூட்டுவது, பனி வழிப்பது, பல்ப் மாற்றுவது என்று எல்லாம் எழுதியிருந்தது. மற்ற ஆக்களின் பயத்தையும் நான்தான் கூட்டி அள்ள வேண்டும் என்று ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

சுவிஸில் கட்டடம் பார்க்கிற நம்மட ஆக்கள் கனபேர் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாடன் நகரத்துக்குக் கிட்ட இருபது வீடுள்ள ஒரு கட்டடத்தை 2011இலிருந்து நான்தான் பார்க்கிறேன். சத்தம் போட்டுக் கதைக்கிற ஆள் இல்லை நான். காலையில் விளக்கு வைத்து ஒரு தேவாரம் பாடாமல் வாளியைத் தூக்கமாட்டேன். ஆனால் 2015 கோடையில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது இன்னும் எந்தத் தேவாரத்துக்கும் முழுதாக அடங்கவில்லை.

பெட்டி

பின்பக்கம், உடுப்புத் தோய்க்கிற அறைக்கு இறங்குகிற சீமெந்துப் படிக்குக் கீழே, மழை படாத மூலையில் ஒரு கடதாசிப் பெட்டி வைத்திருந்தேன். நிறம் மங்கின சாமிப்படங்கள், காய்ந்த மாலைகள், மிச்சத் திரிப்பஞ்சு, கும்பத்துத் தேங்காயின் தும்பு. இதுகளைக் குப்பைப் பையில் கட்டிப்போட மனம் வராது. ஆற்றில் விட்டால் இங்கே பொலிஸ் வரும். பிறகு பார்ப்பம், பிறகு பார்ப்பம் என்று நாலு வருஷம் சேர்ந்துவிட்டது. உங்கள் வீட்டு நிலவறையிலும் அப்படி ஒன்று இருக்கும், பொய் சொல்லாதேங்கோ. என் பிழை என்னவென்றால், அந்தப் படிக்கு நேர் மேலேதான் நானே என் கையால் ஒரு மஞ்சள் அறிவித்தல் ஒட்டியிருந்தேன்: "படிக்குக் கீழே எந்தப் பொருளும் வைக்கக் கூடாது."

ஜூன் தொடக்கத்தில் ஒருநாள், பெட்டியில் கை கோர்த்துத் தூக்குகிற ஓட்டையால் ஏதோ உள்ளே போவதைக் கண்டேன். கறுப்பும் மஞ்சளும், உடம்பெல்லாம் பஞ்சு. தேனீயின் தடித்த ஒன்றுவிட்ட அக்கா மாதிரி. ஒன்றின் பின்னால் ஒன்றாக ஏழெட்டு. படம் எடுத்து, கூர் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற என் மகள் தர்ஷினிக்கு அனுப்பினேன். உடனே ஃபோன் எடுத்தாள். "அம்மா, அது ஹும்மல். சும்மா இருக்கிற ஆக்களைக் குத்தாது. பெட்டியை ஒரு அடிகூட அரக்கிப்போடாதேங்கோ, வெளியிலை போனதுகள் வீடு தெரியாமல் செத்துப்போகும். கோடை முடிய அந்தக் கூடும் தானா முடிஞ்சிடும். அதுவரைக்கும் பிள்ளையார் வாடகைக்கு விட்டிருக்கிறார் எண்டு நினையுங்கோவன்!"

செவ்வாய்க்கிழமை

முதலாம் மாடிச் சுவிஸ்காரி ஃபிராவ் புறுன்னருக்குத் தோய்க்கிற நாள் செவ்வாய். இந்த நாட்டில் தோய்க்கிற நாள் என்றால் கோயில் கொடியேற்றம் மாதிரி, லேசில் மாற்றேலாது. அவ படியின் மேலே கூடையோடு நின்றுகொண்டு, பூச்சிக்குப் பயத்தில் கீழே வரமாட்டேன் என்றா. சரி என்று நான் தூக்கினேன். இரண்டு கூடை, இறக்கவும் ஏற்றவும், என் முழங்கால் வலியோடு. மூன்று செவ்வாய் தூக்கினேன். ஹும்மல்கள் அவவின் பல்கனி ஸ்ரோபெரிப் பூக்களுக்கு என் காதுக்குப் பக்கத்தால் போய் வந்தன, ஒன்றும் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நாலாவது செவ்வாய், தான் கட்டட நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டுவிட்டதாகச் சொன்னா. என் கையில் அவவின் கூடை இருக்கும்போதே சொன்னா. ஏன் முதலில் என்னோடு கதைக்கவில்லை என்று கேட்டேன். என் குடும்பப் பெயர் யோகநாதனில் பாதியை விழுங்கிவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு பதில் வந்தது. "ஃபிராவ் யோகா, உங்களுக்கு அது பழக்கமா இருக்கும். உங்கட நாட்டிலை பாம்பும் வீட்டுக்குள்ளைதானே?"

தவம் அண்ணையின் உதவி

நிர்வாகத்துக் கடிதம் புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை நிர்வாகத்து ஹெர் மோசர் பார்க்க வருவார், அதற்கு முன் பூச்சிக்கூடு இருக்கக் கூடாது, இருந்தால் என் வேலை ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டிவரும். எனக்கு ஐம்பத்தாறு வயது. இதை விட்டால் எங்கே போவது? மூன்றாம் மாடித் தவம் அண்ணையிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் நல்ல மனிசன். அதுதான் வில்லங்கம்.

வியாழன் மத்தியானம் கடையால் வந்தால், படிக்குக் கீழே பெட்டி இல்லை. பெட்டி இருந்த இடத்துக்கு மேலே, வெறும் காற்றில், இருபது ஹும்மல் சுற்றிச் சுற்றிப் பறக்கின்றன. கால்களில் மஞ்சள் மகரந்தம், சந்தனம் பூசினது மாதிரி. கொண்டுவந்ததை வைக்க வீடு இல்லை. பக்கத்தில் தவம் அண்ணை. முப்பது பாகை வெயிலில் குளிர்கால ஜாக்கெட், கையுறை, தலையில் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட். பெட்டியைப் பொதி ஒட்டுகிற ரேப்பால் சுற்றிக் குப்பைக் கொன்ரெய்னருக்குள் போட்டுவிட்டாராம். நான் கண்ணை உருட்டி அவரை முழுசிப் பார்த்தேன். அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார். "உன்ரை வேலையைக் காப்பாத்தத்தான் செய்தனான் தங்கச்சி. நீ நன்றி சொல்லாட்டிலும் பறவாயில்லை, முழுசாதை!"

தேங்காய்க் கத்தி

கொன்ரெய்னரில் இருந்து பெட்டியை நானே தூக்கினேன். உள்ளே 'ம்ம்' என்று ஒரே முனகல், அடைத்த கோயிலுக்குள் ஆக்கள் சேர்ந்து கும்பிடுகிற மாதிரி. படிக்குக் கீழே தூசி படியாத சதுரம் ஒன்று தெரிந்தது. அந்த அடையாளத்துக்கு மேல் சரியாக வைத்துவிட்டு, வீட்டுக்கு ஓடித் தேங்காய் உடைக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். தவம் அண்ணை சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"அண்ணை, உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாத்தனீங்களோ?" என்று கத்தினேன். இந்தக் கட்டடத்தில் நான் கத்தினது அன்றைக்குத்தான்.

"குளவி."

"பிள்ளையார் இருக்கிறார். முருகன் இருக்கிறார். உங்கட மனுசி எனக்குத் தந்த லட்சுமி படம் இருக்கு. எல்லாரையும் ரேப் சுத்திக் குப்பையிலை போட்டிருக்கிறியள்!"

ஓட்டைக்கு மேலே இருந்த ரேப்பைக் கீறினேன். பொங்கிக்கொண்டு வந்தன. கையில் இரண்டு குத்து. சுள்ளென்று இருந்தது, ஆனால் அது நியாயமான கோபம். நான் பின்னுக்கு வந்து நிற்க, காற்றில் சுற்றினதுகள் ஒவ்வொன்றாக இறங்கி உள்ளே போயின. தவம் அண்ணை ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். "லட்சுமி படக் கதையை மட்டும் வீட்டிலை சொல்லிப்போடாதை. மனுசி என்னைக் கொன்றுபோடுவா!"

ஹெர் மோசர்

வெள்ளி பத்து மணிக்கு வந்தார். ஃபிராவ் புறுன்னர் கைகளைக் கட்டிக்கொண்டு மேல்படியில். கூட்டை விட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, பெட்டி யாருடையது என்றுதான். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் என் வேலை மிஞ்சும். பெட்டி அன்றைக்கே போய்விடும். காலையில் விளக்கு வைத்த கை இன்னும் எண்ணெய் மணத்தது. "என்ரை" என்றேன்.

அவர் மஞ்சள் அறிவித்தலைச் சத்தமாக வாசித்தார். கீழே இருந்த என் கையெழுத்தையும் சேர்த்து வாசித்தார். எனக்குள் நாலு செவ்வாயும் ஒன்றாகக் கிளம்பின. "பெட்டி வைச்சது என்ரை பிழை, ஹெர் மோசர். ஆனால் இப்ப அது ஒரு வீடு. வாடகைக்கு இருக்கிற ஆக்களைத் தவணை குடுக்காமல் எழுப்பேலாது எண்டு நீங்கள்தானே சட்டம் கதைக்கிறனீங்கள்? இதுகளுக்குத் தவணை எங்கை?" அவர் குந்தியிருந்து அந்த ஓட்டையைக் கனநேரம் பார்த்தார். ஒரு ஹும்மல் அவருடைய பேனையில் வந்து இறங்கி, நடந்து, பறந்துபோனது. பிறகு எழும்பினார். "உங்கட பெயருக்கு நீங்களே ஒரு எச்சரிக்கை எழுதி, நீங்களே ஒட்டுங்கோ, ஃபிராவ் யோகா. பெட்டி எடுக்கிற திகதி செப்டம்பர் முப்பது. இந்த நாட்டிலை எல்லாரும் வீடு மாறுற நாள்தானே!"

அடுத்த ஜூன்

செப்டம்பர் முப்பதில் பெட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. திறந்தேன். முருகன் படத்துக் கண்ணாடியில் சின்னச் சின்ன மெழுகுக் கிண்ணங்கள், மாலைக்குள் நாலைந்து செத்த ஹும்மல். தவம் அண்ணைதான் பெட்டியைக் காரில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவந்து தந்தார், இந்த முறை ஹெல்மெட் இல்லாமல். படிக்குக் கீழே கழுவித் துடைத்தேன். அதற்குப் பிறகு அங்கே ஒரு துரும்பும் வைப்பதில்லை.

அடுத்த வருஷம் ஜூனில், ஒரு செவ்வாய், ஃபிராவ் புறுன்னர் தன் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கி வந்தா. அந்த மூலையை எட்டிப் பார்த்தா. நன்றி வரப்போகிறது என்று நினைத்து, மடைச்சி நான், வாளியைக் கீழே வைத்தேன். "போன வருசம் என்ரை பல்கனியிலை ஸ்ரோபெரி நிறையக் காய்ச்சது, இந்த முறை ஒண்டையும் காணேல்லை. ஹவுஸ்வார்ட் எண்டால் அதையும் கவனிக்க வேணும்தானே, ஃபிராவ் யோகா?"

ஹும்மல் கூடு கோடையோடு முடிந்துபோகிறது, முறைப்பாட்டுக்குத்தான் பாருங்கோ, குளிர்காலம் என்று ஒன்று வருவதே இல்லை.